பதினாலடி அறையில் பதினேழடி ஓடம்

கராஜில் மைனஸ் இருபத்தாறு.
அந்தக் குளிரில் பசை இறுகாது என்றாள் ஐலா.
ஜனவரி ஏழாம் தேதி
சாப்பாட்டு மேசை மாடிக்குப் போனது,
ஓடம் உள்ளே வந்தது.

ஓடம் என்று அப்போது சொல்லிவிட முடியாது.
பதின்மூன்று அச்சுப்பலகைகள்
வரிசையாய் நின்றன,
மீன் தின்று முடித்த தட்டு மாதிரி.

அறை பதினாலடி.
மிச்சம் மூன்றடி சமையலறைக்குள் நீட்டியது.
ஃபிரிட்ஜ் பாதிதான் திறக்கும்.
பால் எட்டும், முட்டை எட்டாது.
தண்டர் பேயின் அந்தக் குளிர்காலம் முழுக்க
நான் முட்டை சாப்பிடாதவன்.

அவளுக்குத் தச்சு தெரியாது.
தபால் நிலையத்தில் பார்சல் நிறுப்பவள்.
கையில் வாங்கியதும் எடை சொல்லிவிடுவாள்,
தராசு பிறகுதான் ஒப்புக்கொள்ளும்.
இழைப்புளி மட்டும் அவளுக்குக் கட்டுப்படவில்லை.
முதல் வாரம் மரத்தைவிட
கட்டைவிரலைத்தான் அதிகம் சீவினாள்.

காலிஞ்சு கனத்தில் சிடார் ரீப்பர்கள்.
வீடெங்கும் பென்சில் சீவிய வாசனை,
சூப்பிலும், தலையணையிலும்.
ஒன்றன்மேல் ஒன்றாய் ஒட்டி
ஸ்டேப்ளர் அடிப்பாள்.
மறுநாள் பசை காய்ந்ததும்
அடித்ததையெல்லாம் பிடுங்க வேண்டும்.
பிடுங்குவதற்காகவா அடிக்கிறாய் என்று சிரித்தேன்.
அந்த வேலை எனக்கே வந்து சேர்ந்தது.
மூவாயிரத்துச் சொச்சம் பின்கள்
ஊறுகாய் ஜாடியில் கிடக்கின்றன,
தூக்கி எறிய மனமில்லை.

நூல் பிடித்தாற்போல் என்பார்களே,
மார்ச்சில் ஒரு ராத்திரி அவள்
நிஜமாகவே நூலைப் பிடித்துப் பார்த்தாள்.
நூல் நேர்.
ஓடம் நேரில்லை.
ஏழாவது அச்சு ஒரு விரற்கடை தள்ளி நின்றிருக்கிறது,
அதன்மேல் மரமெல்லாம் வளைந்து
ஒட்டி
காய்ந்தும் விட்டது.
விளக்கை அணைத்துவிட்டு
இருட்டில் அதன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் ஒரு நாள்
தேநீரோடு குறுக்கே நடந்து
எதிலோ இடித்துக்கொண்டது நான்தான்.
எதில் என்று அப்போது பார்க்கவில்லை.
இப்போது
அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

பிறகு உப்புத்தாள், உப்புத்தாள், உப்புத்தாள்.
கண்ணாடி இழைத்துணியை விரித்து
எபாக்சி ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை
வெள்ளைத் துணி நனைந்து காணாமல் போக
அடியிலிருந்து மரம்
செக்கச்செவேலென்று எழுந்தது.
எங்கிருந்தோ ஒரு ஈ வந்து இறங்கியது,
எடுப்பதற்குள் பசை இறுகிவிட்டது.
முன்பக்கம் இன்னும் இருக்கிறது,
டிக்கெட் எடுத்த பயணி.

மே மாதம், வாசல் வளைவில் ஓடம் திரும்பவில்லை.
ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றினோம்.
ஓடம் வெளியே போகுமுன்
கருப்பு ஈக்கள் உள்ளே குடியேறின.
எதிர்வீட்டு ரெயினோ ஒற்றைக் கண்ணை மூடி
நீளவாக்கில் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாராட்டையும் இந்த ஃபின்லாந்துக்காரர்கள்
இப்படித்தான் தெரிவிப்பார்கள் என்பதால்
எது என்று தெரியவில்லை.
அவர் மைத்துனன் போஹ்டான் மட்டும்
“கனமே இல்லையே” என்றான்.
“இருபத்தொன்பது கிலோ” என்றாள் ஐலா,
நிறுக்காமலே.

ஏரி.
மிதந்தது.
பத்துத் துடுப்பு போட்டதும்
மெல்ல இடப்பக்கம் திரும்பியது,
மறந்துபோன எதையோ எடுக்கத் திரும்புகிறவர்போல.
நேராக்கினோம்.
மறுபடி இடது.

முன்னால் உட்கார்ந்த நான்
இடப்பக்கமே வலித்தேன்,
வலித்துக்கொண்டே இருந்தேன்,
தோள் கடுக்கக் கடுக்க
கூலி கொடுப்பது போலொரு நிம்மதி.

பின்னாலிருந்து அவள் குரல்,
ஏரிக்குக் கேட்காத அளவில்:
“அச்சைக் கழற்றும்போது பார்த்தேன்.
ஏழாவதின் காலில் தேநீர்க் கறை.”

துடுப்பு நின்றது, என்னுடையது.
ஓடம் சந்தோஷமாய் இடப்பக்கம் போனது.
“வலி” என்றாள்.
வலித்தேன்.

எதிர்க்கரைப் பாறையில் அவள் பையைத் திறந்தாள்.
அவித்த முட்டை, எனக்கு நான்கு.
உப்பு கொண்டுவர மறந்திருந்தாள்.